எட்மண்டனில் அர்ச்சனை

...ஒற்றையா இரட்டையா என்றுதானே கேட்கிறார்கள், பிளேன் டீயா பால் டீயா என்பது போல, அதற்குப் போய் இவ்வளவு நேரமா? வேதவல்லி லண்டன் பொம்மை மாடல் கடையின் கண்ணாடிப் பெட்டி முன்னாலேயே நின்றாள், கடைக்காரக் கிழவர் இரண்டு தடவை வந்து உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே பெயிண்ட் விசிறும் ஏர்பிரஷ்கள் பல் வைத்தியரின் தட்டில் கிடப்பவை போல மினுங்கின. ஒரு வகையில் விசையை அழுத்தினால் காற்றும் பெயிண்டும் சேர்ந்தே வரும், மூளைக்கு வேலையில்லை. மற்றதில் அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயிண்ட், ஒரே விரலுக்கு இரண்டு உத்தியோகம். யூடியூபில் பாடம் எடுக்கும் தாடிக்காரர் இரட்டைதான் வாங்க வேண்டும், ஒற்றை பழகுகிறவர்களுக்கு என்கிறார்... அவள் பழகுகிறவளா? மூன்று பஸ் ஒட்டி முடித்தாயிற்றே, மூன்றும் உள்ளங்கை நீளத்தில் சிவப்பு டபுள் டெக்கர், ஆனால் மூன்றிலும் தூரிகைக் கோடு, செத்தல் மிளகாய்ச் சம்பலை விரலால் இழுத்துப் பூசினாற்போல... அந்தக் கோடுகளைப் பார்த்தால் சோறு இறங்குவதில்லை. வேலை செய்யும் பார்மசியில் கிறிஸ்மஸ் குலுக்கலில் விழுந்த ஒரு பஸ் மாடல் பெட்டி, சும்மா திறந்து பார்ப்போம் என்று திறந்தாள், அவ்வளவுதான், பேய் பிடித்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, எப்படிச் சொல்வது, பேரப்பிள்ளை காணும் வயதில் பிளாஸ்டிக் பஸ் ஒட்டுகிறேன் என்றா? யாரோ வீட்டு விருந்தில் வெள்ளைக்காரர் ஒருவர் தன் பொம்மை ரயிலைப் பற்றிச் சொன்னபோது இவர், சண்முகராசா, திரும்பி வரும் வழியெல்லாம் காரில் சிரித்தாரே... அதனால் பஸ் கட்டிலுக்கடியில் சூட்கேஸுக்குள், சனிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு எட்மண்டனுக்கு. முருகன் கோபிப்பாரா? மயிலை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறவா போகிறார். காற்று அடிக்கும் கொம்பிரசருக்கு என்ன செய்வது, அது உறுமுமாமே... கிரைண்டர் என்று சொல்லலாம், ஆனால் தினமும் என்னத்தை அரைப்பது?

கதவு மணி அடித்தது. "ஹலோ பாஸ்!" உலகத்திலேயே கடைக்காரர்களை அப்படி, முதலெழுத்தை அழுத்திக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான், இவர், சண்முகராசா. வேதவல்லி போர்விமானப் பெட்டிகளின் பின்னால் குந்திவிட்டாள், முழங்கால் கடகடவென்றது, அவருக்குக் கேட்டிருக்குமோ? பாட்மின்டன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு எட்மண்டனில் என்ன வேலை? ராக்கெட்டும் இல்லை. பின்தொடர்ந்து வந்திருக்கிறாரா, சந்தேகமா, அப்படியென்றால் கொஞ்சம் பெருமைதான்... இல்லை, அவர் தன் உடைந்த இங்கிலீஷில் ஏர்பிரஷ் கேட்கிறார். மனைவிக்காம். பஸ் செய்கிறாளாம், சூட்கேஸை இழுத்துப் பார்த்தாராம், வேலை நல்லதாம், சிவப்புத்தான் சரியில்லையாம். (சரியில்லையா! சொல்ல இவர் யார்? ஆனால் சரியில்லைதான்.) எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் பாஸ், பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டும். கிழவர் இரட்டைச் செயல் ஒன்றைக் காட்டுகிறார், அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே ஒன்றை. எடு, எடு, என்று வேதவல்லி பெட்டிகளின் பின்னால் பிரார்த்தித்தாள், முருகா, அதைத்தான்... அவர் வேண்டாம் என்கிறார். பேனா போலப் பிடிக்க அவளால் முடியாதாம். பார்மசியில் நாள் முழுக்க மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிப் பிதுக்கி வலது பெருவிரல் போய்விட்டதாம், ஜாம் போத்தலை இப்போது இடது கையால்தான் திறக்கிறாளாம். துவக்கு, பிஸ்டல் மாதிரிப் பிடிப்பது இருக்கிறதா, விசையை மற்ற விரலால் இழுக்கிற மாதிரி?

இடது கையாலா? வேதவல்லி தன் கையைப் பார்த்தாள், பெருவிரலை மடக்கினாள்... ஓம், நோகிறது. எப்போதிருந்து? அவளுக்கே தெரியாதே. அந்த நேரம் பார்த்துக் கைப்பையில் போன் அதிர்ந்தது, அடுக்குக்கு அந்தப் பக்கம் அவர் போனைக் காதில் வைத்தபடி முதுகு காட்டி நின்றார். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பக் கோல் எடுப்பார், ஆளைத் தெரியும்.

"வேதா, கோயிலிலயோ?"

"ஓம்," என்று குசுகுசுத்தாள், "அர்ச்சனை நடக்குது."

கிழவரின் மேசையில் ஓடிய பொம்மை ரயில் சரியாக அப்போது டிங் டிங் என்றது, கடைக்குள்ளும் போனுக்குள்ளும்.

"மணி கேக்குது, கேக்குது. எனக்கும் சேத்துக் கும்பிடும். எத்தினை மணிக்கு வாறீர்?"

"பிந்தும். நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"விளையாட்டு இடைவேளை," என்றார், மூச்சு வாங்குவதுபோல் வேறு பாசாங்கு. அந்த முதுகு குலுங்கியதா, சிரிப்பா, இருமலா, பின்னாலிருந்து எப்படிச் சொல்வது? கிழவர் கட்டிக் கொடுத்த துவக்குப் பிடிப் பார்சலை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "தேங்க்யூ பாஸ்," கதவு, மணி, போய்விட்டார்.

வேதவல்லி அடுக்கைப் பிடித்து எழும்பினாள். துவக்குப் பிடி... யூடியூப் தாடிக்காரருக்குக்கூடத் தோன்றவில்லையே. பதிலுக்கு அவருக்கு ஏதாவது வாங்க வேண்டும், கட்டாயம், நல்லதாக, அவருக்குப் பிடித்ததாக... என்ன பிடிக்கும்? போன வருஷம் சொக்ஸ், அதற்கு முந்தியும் சொக்ஸ், சாம்பல் நிறம். பாட்மின்டன் உண்மையில் எங்கே விளையாடுகிறார், யாரோடு, வெல்வாரா தோற்பாரா? அவருக்கு எந்த விரல் நோகும்? நோகுமா?

முடிவு பண்ணிவிட்டீர்களா அம்மணி, என்று கிழவர் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். "ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, வேதவல்லி இல்லை என்று தலையாட்டினாள்.