ரியோஃப்ரியோவின் இடைவெளிகள்

எஃப்ரேன் ரியோஃப்ரியோவுக்குத் தன் பேச்சின் மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. லோஹா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நீரியல் நடத்துபவர். ஒரு வாக்கியம் சொல்வார். அது மாணவர்கள் மனதில் இறங்கட்டும் என்று நிறுத்துவார். அந்த நிறுத்தங்களுக்காகவே தன்னை ஊர் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பினார்.

மழை பொய்த்து, அணைகள் வற்றி, ஈக்வடார் முழுக்க மின்வெட்டு வந்தபோது வகுப்பறைகளை மூடினார்கள்; பதிலுக்கு வைத்த இணைய வகுப்பும் படுத்துவிட்டது. அவர் வீட்டில் கரண்ட் இருந்தால் மாணவர் தெருவில் இருக்காது. அணையில் தண்ணீர் இல்லாததால் அணையைப் பற்றிய பாடமே நின்றுபோனதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. கடைசியில், தன்னை நேரில் கேட்டிராத புது மாணவர்களுக்குப் பாடங்களைப் பேசிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒரு நிறுத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மழை திரும்பியது, வகுப்பறை திறந்தது. முதல் நாளே துறைத்தலைவர் லுதெஞா பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். எஃப்ரேன் ஒப்பந்த ஆசிரியர். அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்பது இந்த ஒரு வகுப்பில் இருந்தது.

"ஆறு..." என்று தொடங்கி நிறுத்தினார். "எதையும்... மறக்காது."

முன்வரிசையில் இருந்த யாதிரா சாம்பா எழுந்தாள். "சார், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானேம்மா இருக்கேன்."

"இல்ல சார், போன்ல பட்டாசு மாதிரி பொரிஞ்சு தள்ளுவீங்களே!"

"ஏய், நாமதான ரெண்டு மடங்கு வேகத்துல வச்சுக் கேட்டோம்," என்றான் பக்கத்தில் இருந்தவன். "இதுதான் போல சாரோட நிஜ வேகம்."

வகுப்பே சிரித்தது.

"எல்லாருமா?" என்றார் எஃப்ரேன்.

"கோவிச்சுக்காதீங்க சார். போன்ல சார்ஜ் தீர்றதுக்குள்ள கேட்டு முடிக்கணும்ல?"

அவரால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. "சரி, வெள்ளக் கணக்கு எந்தப் பாடத்துல வந்துச்சு?"

"கேஸ் வண்டிப் பாடம் சார்!"

"போடா, அது நாய் குரைக்கிற பாடம்."

யோசித்து யோசித்து அவர் வைத்த தலைப்பு ஒன்றுகூட யாருக்கும் தெரியவில்லை. பதிவின் பின்னணியில் தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டி பாட்டுப் போட்டதும், பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் நன்றாக நினைவிருந்தன.

மறுபடி நிதானமாக ஆரம்பித்தார். மூன்றாவது நிறுத்தத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். லுதெஞா எதையோ குறித்துக்கொண்டார்.

"சார்," என்று யாதிரா கிசுகிசுத்தாள், "கொஞ்சம் ஓட்டுங்களேன்."

எஃப்ரேன் பெருமையை விழுங்கினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மழையிலிருந்து வெள்ளம் வரை ஒரே ஓட்டமாக ஓட்டினார். நாக்கு குழறியது, சட்டை நனைந்தது. போனில் கேட்டுப் பழகிய குரலை அடையாளம் கண்டுகொண்டதுபோல் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் அதே வேகத்தில் பதில் வந்து விழுந்தது.

வகுப்பு முடிந்ததும் லுதெஞா வாசலில் நின்றார்.

"பசங்க நல்லா பதில் சொல்றாங்க. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி எழுதிடறேன். ஆனா ஒண்ணு எஃப்ரேன், அப்படி என்ன அவசரம்? நடுநடுவுல கொஞ்சம் நிறுத்திப் பேசிப் பழகுங்க. பாவம் பசங்க."

பின்னால் நின்ற யாதிராவுக்குச் சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்துவிட்டது.

எஃப்ரேன் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். "ரொம்ப..." என்றதும் பழக்கதோஷத்தில் ஒரு நிறுத்தம் விழுந்தது. அது முடிவதற்குள் லுதெஞா படியிறங்கிப் போயிருந்தார்.