சிவப்பு மார்க்கர் மாமி

கோடம்பாக்கத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் செம்பியனின் கணக்கு சுலபம். வைத்துக்கொள்ள வேண்டிய கிளிப்புக்குப் பச்சை மார்க்கர், தூக்கிப்போட வேண்டியதற்குச் சிவப்பு. மகளின் கல்யாண வீடியோ பற்றி மயிலாப்பூர் சூடாமணி மாமி முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள்: "நான் கத்தறது ஒண்ணுகூட இருக்கப்படாது!"

மாமி கல்யாணம் முழுக்கக் கத்திக்கொண்டேதான் இருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் கிளிப்புகள் வரிசையாக நிற்கிற டைம்லைன் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கடைசியில் அடுத்த முகூர்த்தத்துக்கு ஓடுகிற அவசரத்தில், சிவப்புக்குப் பதில் பச்சையை மொத்தமாகச் செலக்ட் பண்ணி டெலிட் அடித்தான் செம்பியன். பார்க்காமலேயே அனுப்பியும் விட்டான்.

சாயங்காலம் போன் வந்தது.

"ஏன்டாப்பா, இது கல்யாணமா, சண்டையா? சமையல்காரர்ட்ட கத்தறேன், நாதஸ்வரக்காரர்ட்ட கத்தறேன், சம்பந்தியைக்கூட விடலை! ஆத்துல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறா!"

செம்பியன் மன்னிப்புக் கேட்டு, பச்சைக் கிளிப்புகளை மீட்டு, சரியான வீடியோவை அனுப்பினான். அதில் மாமி புடவை கலையாமல் புன்னகைத்தாள்.

மறுபடியும் போன். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"இதுல எங்காத்துக்காரர் கல்லு மாதிரின்னா உக்காண்டிருக்கார்! மொதல்ல அனுப்பினியே, அதுல நான் கத்தறச்சேயெல்லாம் பின்னாடி நின்னு எனக்கு விசிறிண்டு, வாய் கொள்ளாம சிரிச்சுண்டிருக்கார். எனக்குத் தெரியவே தெரியாதுடா. அதையே வச்சுக்கறேன்."

"சரி மாமி. நீங்க கத்துற சத்தத்தை மட்டும் எடுத்துடட்டுமா?"

"எடுக்காதே! அதுக்குத்தானே அவர் சிரிக்கறார்."