ஜெர்மன்காரர் பேனா

மாமனார் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. மகன் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு அப்புறமாக வந்து சொன்னான். அந்தக் கோபத்தை மகனிடம் கொஞ்ச நாள் காட்டினார், தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் மருமகளிடம் பேசாமல் இருந்து பழகிவிட்டார். பழகியதை எப்படி விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு சாப்பிட்டாச்சான்னு கேளு" என்பார் மனைவியிடம். அந்தப் பொண்ணு இரண்டடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

"சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லுங்க அத்தை" என்பாள் அவளும்.

மாமியார் தையல்காரி. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். "ஏன், நான் என்ன இந்த வீட்டு ஒலிபெருக்கியா?" என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து குரல் வரும்.

மாமியார் கடைக்குப் போயிருந்தால் தூது போக வேண்டியவன் புருஷன். அவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர் தந்தி. பத்து வார்த்தை தேவைப்படும் விஷயத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான். அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட "பண்ணிக்கலாமா?" என்றுதான் கேட்டான். "எதை?" என்று அவள் கேட்க வேண்டியிருந்தது.

அவளுக்கு வேலை ஒரு பேனா கம்பெனியில், வடிவமைப்புப் பிரிவில். சாதாரணப் பேனா இல்லை. பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் வெல்வெட்டில் படுத்திருக்குமே, விலையைக் கேட்டதும் நாம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேன்" என்று நழுவுவோமே, அந்த ரகம். கம்பெனி அவ்வப்போது ஒரு பெரிய எழுத்தாளரின் நினைவாகப் பேனா வெளியிடும். இந்த முறை ஒரு ஜெர்மன்காரர். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாயில் நுழையாத பெயர். ஆபீசில் எல்லோரும் "நம்ம ஜெர்மன்காரர்" என்றே சொல்லிக்கொண்டார்கள்.

பேனா அடர்பச்சை. கிளிப் ஓர் இறகு மாதிரி நீண்டு வளைந்திருக்கும். மூடியைச் சுற்றி ஒரு தங்க வளையம். அந்த வளையத்தில் ஜெர்மன்காரரின் கையெழுத்து. அதைத்தான் அவள் வரைந்தாள். கிடைத்ததெல்லாம் வயதான காலத்தில் அவர் போட்ட கையெழுத்தின் மங்கலான நகல்கள். அதில் கை நடுங்கியிருந்தது. நடுக்கத்தை விட்டுவிட்டால் அது யாரோ ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தாகிவிடும். நடுக்கத்தை அப்படியே போட்டால் வளையத்தில் புழு நெளிகிற மாதிரி இருந்தது. வாரக்கணக்கில் வரைந்து, கிழித்து, மறுபடி வரைந்து, ஒரு நாள் சரியாக வந்தது.

பேனா தயாரானதும் அதில் வேலை பார்த்த மூன்று பேருக்குக் கம்பெனி ஆளுக்கொன்று கொடுத்தது. பெட்டி, விளக்கப் புத்தகம் எல்லாம் வாடிக்கையாளருக்குத்தான். இவர்களுக்கு ஒரு துணிப்பை.

அவள் தன் பேனாவை மாமனாருக்குக் கொடுக்க நினைத்தாள். அவர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பத்திரிகைகளுக்கு ஆசிரியர் கடிதம் எழுதுவதுதான் முழுநேர வேலை. எரியாத விளக்கு, நிற்காத பஸ், மூடாத சாக்கடை. பால்பாயிண்டை அழுத்தி எழுதுகிற வேகத்தில் கடிதத்தை நாலாவது தாளிலும் படிக்கலாம். அப்படிப்பட்டவர் கையில் ஒரு நல்ல பேனா கிடைத்தால், தன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா? அவள் ஆசை அவ்வளவுதான்.

நேரில் நீட்டத் துணிச்சல் வரவில்லை. தந்தியைப் பிடித்தாள்.

"கவனமா கேளுங்க. ஒரு பெரிய ஜெர்மன் எழுத்தாளர் நினைவா எங்க கம்பெனி செஞ்ச பேனா. அவர் செத்து ரொம்ப வருஷமாச்சு. அவரோட கையெழுத்தை மூடியில பொறிச்சிருக்கோம். அதை வரைஞ்சது நான். இதை அப்படியே மாமாகிட்ட சொல்லிக் குடுக்கணும். சொல்வீங்களா?"

"ம்."

தந்தி உள்ளே போனான். "அப்பா, பேனா. அவ குடுத்தா. ஒரு ஜெர்மன்காரரோடது. செத்துட்டாரு." சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

மாமனார் துணிப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்தார். கைக்கு அடக்கமாக, கனமாக, அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி இல்லை. மூடியில் யாரோ ஒருவர் பெயர். திறந்தால், நிப்பின் ஓரத்தில் காய்ந்த மை. தொழிற்சாலையில் ஒவ்வொரு பேனாவையும் எழுதிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்று அவருக்கு யார் சொன்னது?

"செத்துப் போனவரோட பேனாவாம்" என்றார் மனைவியிடம்.

"அய்யோ, யாரு? அவ வீட்டுச் சொந்தமா?"

"ஜெர்மன்காரராம். ஆபீசுக்கு வந்து போறவரா இருக்கும். அவர் வீட்டு ஆளுங்க இந்தப் பொண்ணுகிட்ட ஞாபகார்த்தமா குடுத்திருப்பாங்க."

மாமியார் ஊசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள். "பாவங்க. தன்கிட்ட இருக்கிறதுல நல்லதா பார்த்து உங்களுக்குக் குடுத்திருக்கா. நீங்க அவ மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுறதில்ல."

அவர் மூடியிலிருந்த பெயரை மறுபடி பார்த்தார். வீட்டில் ஐந்தாவது பிள்ளை அவர். பள்ளிக்கூடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் நாலு அண்ணன்களின் பெயர் வரிசையாகக் கோடு போட்டு அடித்திருக்கும், அதற்குக் கீழே கிடைத்த சந்தில் இவர் பெயர். அடுத்தவர் பெயர் போட்ட பொருள் என்றாலே அவருக்கு உள்ளே ஏதோ சுருங்கும். அதிலும் இது செத்தவர் பெயர். சட்டைப் பையில் குத்தினால் நேராக நெஞ்சுக்கு மேலே.

"திருப்பிக் குடுத்தா அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும்" என்றார். "பேரைப் பார்த்தா எனக்குக் கஷ்டமா இருக்கு."

"பேரு மட்டும்தானே? பழைய சட்டையில லேபிளைப் பிரிச்சிட்டா புதுச் சட்டை. இதுக்குப் போய் யோசிக்கிறீங்க."

கோப்பையும் கேடயமும் செய்கிற கடை ஒன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் வளையத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"வேலை ரொம்ப நல்லா இருக்கே சார். நிஜமாவே தேய்ச்சிடவா?"

"தேய்ச்சிடுங்க."

"வேற பேரு போடட்டுமா?"

"எந்தப் பேரும் வேணாம். வழவழன்னு இருந்தாப் போதும்."

அன்றிலிருந்து பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. வெளியே இறகு கிளிப் மட்டும் தெரியும். மருமகள் அதைத் தினமும் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வார்த்தை எதுவும் வரவில்லை. "நல்லா எழுதுதா?" என்று தந்தியை விட்டுக் கேட்டுப் பார்த்தாள். "ம்" என்று பதில் வந்தது. அது அப்பாவின் "ம்"மா, மகனின் "ம்"மா என்று தெரியவில்லை.

ஒரு நாள் ஆபீசில் மேனேஜர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டார். மறுநாள் காலை விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க ஆள் வருகிறார். தொழிற்சாலையிலிருந்து வர வேண்டிய பேனாக்கள் வழியில் எங்கேயோ நிற்கின்றன.

"நம்ம மூணு பேர்கிட்ட இருக்கே. யாராவது ஒருத்தர் கொண்டு வாங்க."

நிப் பிரிவு அண்ணன் தலையைச் சொறிந்தார். "என்னுது சட்டைப் பையோட வாஷிங் மெஷினுக்குப் போயிடுச்சு மேடம். மூடி நசுங்கி, மொத்தத் துணியும் ஜெர்மன்காரர் மை நிறத்துல இருக்கு. வீட்ல நான் ரெண்டு நாளா பேச்சு வாங்கிட்டிருக்கேன்."

"என்னுதை சம்பந்திக்குக் குடுத்துட்டேன்" என்றார் மேனேஜர் அம்மா. "அவங்ககிட்ட போய்த் திருப்பிக் கேக்க முடியுமா? என் பொண்ணு அந்த வீட்ல வாழ வேணாமா?" பிறகு மருமகளைப் பார்த்தார். "உன்னுதுதாம்மா. மூடியில கையெழுத்து பளிச்சுன்னு தெரியணும்."

சாயங்காலம் அவள் தந்தியிடம் கெஞ்சினாள்.

"நீங்க கேளுங்களேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"குடுத்ததைக் கேக்கிறது. நீயே."

வேறு வழியில்லை. அவளே போனாள். மாமனார் மேஜையில் அந்தப் பேனாவால்தான் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தப் பேனா நாளைக்கு ஒரு நாள் மட்டும் வேணும். ஆபீஸ்ல போட்டோ எடுக்கிறாங்க. மூடியில இருக்கிற கையெழுத்து தெரியணுமாம். சாயங்காலமே திருப்பிக் கொண்டு வந்துடுறேன்."

அவர் கை சட்டென்று மூடியின் மேல் கவிழ்ந்தது. மனைவியைப் பார்த்தார். "என்னவாம்?"

"உங்களைத்தான் கேக்கிறா. பதிலையும் நீங்களே சொல்லுங்க. எனக்குக் காலர் கோணிக்கும்."

அவர் எழுந்தார். பேனாவோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போச்சு, என்று நினைத்தாள் அவள். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற பெண் என்று முடிவு கட்டியிருப்பார். இனிமேல் அத்தை வழியாகக்கூடப் பேச மாட்டார்.

கதவு திறந்தது. அவர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கி மூடியைத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். முழுச் சுற்று வந்துவிட்டது. தங்க வளையம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

"கையெழுத்து எங்க மாமா?"

"அழிச்சிட்டேன்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளிடம் நேராக அவர் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. மளமளவென்று கொட்டினார். "செத்துப் போனவர் வெச்சிருந்த பேனா. பேரோட நெஞ்சுல குத்திக்க ஒரு மாதிரி இருந்துச்சு. வேணாம்னு சொன்னா நீ சங்கடப்படுவே. அதான் பேரை மட்டும் எடுத்துட்டு வெச்சுக்கலாம்னு..."

"யாரு வெச்சிருந்த பேனா?"

"அந்த ஜெர்மன்காரர்தான்."

"மாமா, அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!"

அவர் பேனாவை ஒரு தரம் பார்த்தார். "நூறு வருஷமாவா இது இவ்வளவு புதுசா இருக்கு?"

"புதுசுதான் மாமா! எங்க கம்பெனியில செஞ்சது. அவர் நினைவா செஞ்சது. அந்தக் கையெழுத்தை வரைஞ்சதே நான்தான்!"

தையல் மிஷின் நின்றது. மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் கூடத்துப் பக்கம் திரும்பின. அங்கே தந்தி செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா சொன்னே என்கிட்ட?"

"சரியாத்தான் சொன்னேன். ஜெர்மன்காரர். செத்துட்டார்."

"நினைவாங்கிற வார்த்தை எங்கடா போச்சு?" என்றாள் மாமியார். "வாயைத் திறந்தா முத்து கொட்டிடுமா? இவனைப் பெத்ததுக்கு ஒரு தபால்பெட்டியைப் பெத்திருக்கலாம். போட்டது அப்படியே இருக்கும்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். நடுவில் எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வளையத்தின் பளபளப்பைப் பார்க்கப் பார்க்க, அத்தனை வார உழைப்பும் அதில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. மாமனார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அவள் செருப்பு மாட்டும்போது, அவர் தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார்.

"நானும் வர்றேன்."

"எதுக்கு மாமா?"

"அழிச்சது நான். உங்க மேடம்கிட்ட நானே சொல்றேன். உனக்குப் பேச்சு விழக் கூடாது."

பஸ்ஸில் வழி நெடுகப் பேசினார். இந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், டிரைவர் எந்த நிறுத்தத்தில் நேரத்தைக் கோட்டை விட்டார், தன் காலத்தில் அப்படி விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். அவளால் நடுவில் "ஓ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

மூடியைப் பார்த்ததும் மேனேஜர் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "இது என்னம்மா, மொட்டையா இருக்கு?"

"தப்பு என்னுது மேடம்" என்றார் மாமனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மகன் சொன்ன நாலு வார்த்தையைக்கூட மறைக்கவில்லை. நிப் பிரிவு அண்ணன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். மேனேஜர் அம்மா சிரிக்கவில்லை.

"எல்லாம் சரிங்க. போட்டோகிராபர் விளக்கெல்லாம் போட்டுட்டுக் காத்திருக்கார். நான் எதைக் காட்டுவேன்?"

மருமகள் தன் மேஜைக்கு ஓடினாள். அடி இழுப்பறையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து வந்தாள். கையெழுத்துக்காக அவள் வரைந்து பார்த்தவை. கடைசித் தாளில், சரியாக வந்த கையெழுத்து பெரிதாக இருந்தது.

"இதுக்கு மேல பேனாவை வெச்சா? வளையத்துல கையெழுத்து ஒரு பக்கம்தானே வரும். இந்தப் பக்கம் இல்லைன்னா அந்தப் பக்கம் இருக்குன்னு நினைச்சுக்குவாங்க."

போட்டோகிராபர் வைத்துப் பார்த்தார். ஒரு விளக்கை இழுத்துத் தள்ளினார். "மேடம், இதுதான் நல்லா இருக்கு. வளையத்துல போட்டா படத்துல எறும்பு மாதிரிதான் தெரியும்."

"சரி, எடுங்க" என்றார் மேனேஜர் அம்மா. பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தி, "இனிமே யாருக்காவது ஏதாவது குடுத்தா, உன் வாயாலயே சொல்லிக் குடு தாயே" என்றார்.

மாமனார் மற்றத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளுக்குத் தாள் அதே கையெழுத்து. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இடத்தில் அவளே சிவப்புப் பென்சிலால் சுழித்துத் தப்பு என்று போட்டிருந்தாள். தாளில் விரல் படாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இத்தனையும் நீ போட்டதா?"

"ஆமா மாமா."

"கடைக்காரர் ரெண்டே நிமிஷத்துல தேய்ச்சிட்டார். நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் தேய்ங்கன்னு சொன்னேன்."

அவள் தாள்களை ஒன்றாக அடுக்கினாள். "நான் வருத்தப்படக் கூடாதுன்னுதானே மாமா தேய்ச்சீங்க? விடுங்க."

அவர் விளக்கு வெளிச்சத்தில் கிடந்த பேனாவைப் பார்த்தார்.

"அப்படி என்னதான் எழுதினார் அந்த மனுஷன்?"

"பெரிய பெரிய புத்தகமா எழுதியிருக்கார் மாமா."

"நீ படிச்சிருக்கியா?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். மேனேஜர் அம்மா தூரத்தில் இருந்தார். "பாதி. அதுக்கு மேல தூக்கம் வந்துடுச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். போட்டோகிராபர் "சார், கொஞ்சம்..." என்று கையைக் காட்டினார்.

"தமிழ்ல இருக்கா?" என்று குரலை அடக்கிக் கேட்டார்.

"இருக்கு மாமா."

"எழுத்து பெருசா இருக்குமா?"

"இல்ல, ரொம்பப் பொடிசு."

"அப்போ நீ படி, நான் கேக்கிறேன்."

"பாதியில தூங்கிடுவேன் மாமா."

"தூங்கினா நான் எழுப்பறேன். மொதல்ல இருந்து ஆரம்பி."