மூட்டத்தின் உச்சியில் பொம்மை

மரத்தை அடுக்கி மண்ணால் மூடி எரிக்கும் கரிமூட்டத்தில் புகை கசிந்தால் உடனே மண்ணடைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் உள்ளே வேகும் மரமெல்லாம் சாம்பல். கசூபா மண்வெட்டியோடு மேலேறி அடைப்பதை அவள் மகள் சிலேஷே தினமும் பார்த்தாள். நாலு வயது. அன்று காலை அவளும் கை நிறைய ஈரமண்ணோடு பாதி மூட்டம் ஏறிவிட்டாள். கசூபா காலைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

முதுகில் ரெண்டு வைக்கச் சொன்னாள் நாத்தனார் ம்வான்சா. உள்ளே பேய் இருக்கிறது என்று போன வாரம் பயமுறுத்தியவளும் அவள்தான். மறுநாளே பேயை அடிக்கக் குச்சியோடு வந்து நின்றது குழந்தை. சுடும் என்று கசூபா சொன்னதற்கு, மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடவேயில்ல. பொய் சொல்ற" என்றது.

மேல்மண் அவ்வளவாகச் சுடாது. உள்ளே மரம் வெந்து சுருங்கச் சுருங்க, அடியில் குழி விழும். கசாமா ஊருக்குப் போகும் சாலைப் பக்கம் ஒருவன் இடுப்புவரை இறங்கிச் செத்தான். பல வருஷம் மூட்டம் போட்ட கரிக்காரன்.

மரம் வெட்டிக்கொண்டிருந்த கசூபா கோடரியைக் கீழே போட்டாள்.

"வேல கெடக்கு அண்ணி. இதுகிட்ட என்ன பேச்சு? பத்து வயசுல தானா புரியும்."

"பத்து வயசு வரைக்கும் இவ இருக்கணுமில்ல."

கசூபா சுள்ளி அடுக்கி, புல் பரப்பி, முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி மூட்டம் போட்டாள். மண்ணை மகளே அள்ளிப் போட்டாள். தீ வைத்துப் புகை கசிந்ததும் சிலேஷே தன் சோளக்கதிர்ப் பொம்மையை உச்சியில் நிறுத்தினாள். பொம்மை அடைக்கப் போகிறதாம்.

"உள்ள விழுந்துரும். விழுந்தா எடுத்துத் தர மாட்டேன்."

"விழாது."

கசூபா மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ம்வான்சா முணுமுணுத்துக்கொண்டே தனியாக மரம் இழுத்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது மண் பொசுக்கென்று உள்வாங்கியது. பொம்மை தலைகுப்புற எரிந்தது.

"எடும்மா."

"முடியாது. நீ விழுந்திருந்தாலும் முடியாது."

குழந்தை வெகுநேரம் அழுதது.

மாலையில் பெரிய மூட்டத்தில் மறுபடி புகை. கசூபா ஏறக் காலெடுத்து வைத்ததும், அவள் இடுப்புத் துணியைப் பிடித்துத் தொங்கினாள் சிலேஷே.

"நீயும் வேணாம்."

"எங்க மிதிக்கணும்னு எனக்குத் தெரியும்டி."

"குழி எங்கன்னு தெரியுமா?"

ம்வான்சா சிரித்துவிட்டாள். "சொல்லிக் குடுத்தீங்கல்ல அண்ணி, இப்ப பதில் சொல்லுங்க."

கசூபாவுக்குத் தெரியாது. காலைக் கீழே வைத்தாள். நீளக் கம்பு ஒன்றை வெட்டி, மண்வெட்டியை அதன் நுனியில் கட்டி, தரையில் நின்றே மண்ணை வீசினாள். பாதி வழியிலேயே கொட்டியது. மறுபடி வீசினாள். சிலேஷே ஈரமண்ணை உருட்டி உருட்டி எடுத்துக் கொடுத்தாள்.