ஐம்பது கூடுகளும் ஒரு டார்ச்சும்

சனிக்கிழமை காலை குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு அதன் பைக்குள் கை விட்டபோது இர்மாவின் விரலில் டார்ச் தட்டியது. கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றாள்.

வியாழக்கிழமை தன் சின்ன லாரியின் ரேடியேட்டர் குழாயைப் பார்க்க எடுத்துப்போன டார்ச் அது. அன்றிலிருந்து பையிலேயே கிடந்திருக்கிறது. அப்படியானால் வெள்ளிக்கிழமை தோட்டா கட்டியபோது அது மேசையில் இல்லை.

தன் வீட்டு கராஜில் தோட்டா கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளை ஒரே கம்பெனியாகப் பொறுக்கி, அடியில் பொறி கிளப்பும் புதுப் பொட்டைப் பதித்து, ஐம்பது துளைப் பலகையில் வாய் மேலே பார்க்க நிறுத்துவாள். அளவுக் குப்பியின் பிடியை ஒரே வேகத்தில் இழுத்து வெடிமருந்து போடுவாள். பத்துக்கு ஒன்றின் மருந்தை மட்டும் கொட்டித் தராசில் வைப்பாள். பிறகு டார்ச் அடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் பார்ப்பாள். மருந்து ஒரே மட்டத்தில் இருந்தால்தான் குண்டைப் பொருத்தக் கை போகும். இரும்புத் தாது ஆலையின் நொறுக்கி இயந்திரத்தோடு இருபத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டியவள், பார்க்காத எதையும் நம்பமாட்டாள்.

நேற்று மருந்து போட்டுக்கொண்டிருக்கையில் ரூடி போன் செய்தான். தங்கை ஐலியின் புருஷன், சுரங்கத்தில் ராட்சத மண்வாரி ஓட்டுகிறவன். ஃபோர்மேனைத் திட்டித் தீர்க்கக் கால் மணி நேரம் பிடித்தது. போனைத் தோளில் இடுக்கியபடியே வேலை செய்தாள். எந்த வரிசையில் விட்டாள், எதில் தொடர்ந்தாள்? ட்யூப்லைட் வெளிச்சத்தில் எட்டியாவது பார்த்தாளா? பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. சாயங்காலம் ரூடி வந்து, மறுநாள் கிளப்பில் நடக்கும் துப்பாக்கிப் போட்டிக்கென்று ஐம்பது தோட்டா அடங்கிய டப்பாவை வாங்கிப்போய்விட்டான்.

ஒரு கூட்டில் மருந்து விழாமல் போயிருந்தால், பொட்டு மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் பாதியில் செருகிவிடும். சத்தம் சின்னதாகக் கேட்கும். நிதானமாகச் சுடுகிறவன் நிறுத்திவிடுவான். போட்டியின் கடைசிச் சுற்று அப்படியில்லை: பத்து விநாடியில் ஐந்து குண்டு. அடுத்த முறை விசையை இழுத்தால் அடைத்த குழலுக்குள் இன்னொன்று போகும். ரிவால்வர் கையிலேயே பிளக்கும். ரூடிக்குச் சோறு போடுவது அந்தக் கைதான்.

ரூடிக்குப் போன் போட்டாள். அடிக்கவேயில்லை. கிளப்பின் நிலவறைக்குள் இறங்கிவிட்டால் எந்தப் போனும் அடிக்காது. போட்டி பத்து மணிக்கு. மணி ஒன்பது ஐம்பது.

கிளப்புக்குப் பன்னிரண்டு மைல் தூரமும் கண்ணாடி மாதிரி பனி உறைந்த சாலை. லாரி இரண்டு தடவை வழுக்கியது. ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லக் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

நிலவறைப் படியில் இறங்கியபோது முதல் சுற்று முடிந்திருந்தது. பத்து குண்டு, நிதானச் சுற்று. ரூடி காதடைப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்க மதினி! நூத்துக்குத் தொண்ணூத்தி ஏழு. உங்க தோட்டா எல்லாம் ஒரே ஓட்டைக்குள்ளதான் போகுது. கோப்பைய வைக்க அலமாரில இடம் பண்ணிட்டீங்களா?"

"டப்பாவக் குடு, ரூடி."

"எதுக்கு?"

"உள்ள பாக்காம மூடிட்டேன். ஒண்ணுல மருந்து இல்லாம இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்கா, இல்லையா?"

"தெரியாது. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

எதிரணித் தலைவர் கிழவர் ஸுபான் பெஞ்சிலிருந்தே குரல் விட்டார். "தராசுல போட்டுப் பாரும்மா. எடை குறைஞ்சதத் தூக்கிப் போடு."

"கூடே ஒண்ணுக்கொண்ணு எடை வித்தியாசம், பெரியவரே. நான் போடற துளி மருந்து அதுல எங்க தெரியும்?"

"அப்ப மிச்ச நாப்பதையும் பிரிக்கணும்."

"ஆமா, பிரிக்கணும்."

ரூடியின் முகம் சிவந்தது. "ரெண்டு மூணு பாயிண்ட்ல கோப்பை நிக்குது! கடைத் தோட்டாவ வச்சு நான் என்னத்தக் கிழிக்கிறது? என் துப்பாக்கிக் குறிய உங்க தோட்டாவுக்குத்தானே திருகி வச்சிருக்கேன்?"

இர்மா டப்பாவை எடுத்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டாள். பிடுங்குவதென்றால் ரூடி அவளைத் தள்ளித்தான் பிடுங்க வேண்டும். தள்ளவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

கிளப்பில் வாங்கிய கடைத் தோட்டாக்கள் இலக்குக்கு இரண்டு விரல் மேலே போயின. ரூடி குறியின் திருகாணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரிக்கட்டுவதற்குள் சுற்று முடிந்தது. ரூடியின் அணி நான்கு பாயிண்டில் தோற்றது.

மேல்தளத்தில், குண்டு பிரிக்கும் சுத்தியலைக் கிளப்பில் இரவல் வாங்கி, இர்மா ஒவ்வொரு தோட்டாவாகச் சுத்தியல் தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் அடித்தாள். மூன்று அடிக்கு ஒரு குண்டு கழன்றது. ரூடி எதிரே கையைக் கட்டிக்கொண்டு எண்ணினான்.

"பதினேழு. மருந்து இருக்கு."

"ம்."

"முப்பத்தி ரெண்டு. இருக்கு."

"கண்ணு தெரியுது எனக்கு."

நாற்பதாவதும் பிரிந்தது. மருந்து சரியாக, மற்றவை மாதிரியே கொட்டியது. ஐம்பதில் ஒன்றுகூடக் கெடவில்லை.

"திருப்தியா மதினி?" என்று கேட்டுவிட்டு ரூடி எழுந்து போனான். வெளியே அவன் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

திருப்தி இல்லை. சிந்திய மருந்தை வழித்தாள். வீட்டுக்குப் போனதும் டார்ச்சுக்குக் கயிறு போட்டு மேசைக் காலோடு கட்டினாள். ராத்திரி இரண்டு முறை எழுந்து கயிறு இருக்கிறதா என்று பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தபோது கராஜ் வாசலில் ரூடி நின்றான். கையில் காப்பித் தகரம், அதற்குள் வெற்றுக் கூடுகள் கலகலத்தன. அவள் முகத்தைப் பார்க்காமலே நீட்டினான்.

"அடுத்த வாரத்துக்கு அம்பது."

"கடைத் தோட்டாவுக்குக் குறியத் திருகிட்டதா ஐலி சொன்னாளே?"

"திரும்பத் திருகிட்டேன்." உள்ளே எட்டி, கயிற்றில் கட்டிய டார்ச்சைப் பார்த்தான். "ஆட்ட மாதிரி கட்டிப் போட்டிருக்கீங்க."

"ஓடிப் போயிடுச்சுல்ல."

ரூடி காரை நோக்கி நடந்தான். கதவைத் திறந்தவன் திரும்பினான்.

"எப்ப மருந்து போடறீங்கன்னு சொல்லுங்க. அந்த நேரத்துல போன் பண்ண மாட்டேன்."