அவளைக் கொல்லும் உரிமை என்னிடம் இல்லை

1

ஒரு மருமகள் அரையடி பின்னால் நகர்ந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. வேறு தொடக்கம்:

‘டெல்லியில் குளிர்காலம் வந்துவிட்டால் எல்லோருடைய ஸ்வெட்டரிலும்…’

வேண்டாம். குளிரைப் பற்றி எழுதினால் அழகாக எழுத ஆரம்பித்துவிடுவேன். நேராகவே சொல்கிறேன். பதினொரு வருடங்களாக ஒரு தமிழ் சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன். படப்பிடிப்பு சென்னையில். நான் கிட்வாய் நகரை ஒட்டிய ஒரு மொட்டைமாடி அறையில் தனியாக இருந்துகொண்டு எழுதி அனுப்புகிறேன். அதன் வில்லி நான் உருவாக்கியவள். அவள் பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. (ஒப்பந்தம், ஒன்பதாம் பத்தி: பெயர், தோற்றம், அடையாளச் சைகை மூன்றும் கம்பெனிக்குச் சொந்தம்.) சாந்தகுமாரி என்று வைத்துக்கொள்வோம்.

2

சாந்தகுமாரி இதுவரை நான்கு முறை செத்திருக்கிறாள். தீயில் ஒருமுறை, ஆற்றில் ஒருமுறை, மற்ற இரண்டும் எனக்கே மறந்துவிட்டன. பார்ப்பவர்களின் எண்ணிக்கை குறையும்போதெல்லாம் சென்னையிலிருந்து பாலு கூப்பிடுவார். கம்பெனியில் கதை இலாகா அவருடையது. “மேடம், அவங்கள எழுப்பிடுங்க” என்பார். நான் எழுப்புவேன். முதல் தடவை வீதியில் பட்டாசு வெடித்தார்களாம். நான்காவது தடவை அவள் கதவைத் திறந்துகொண்டு நின்றபோது, கதாநாயகியாக நடிக்கும் பெண்ணுக்கே கொட்டாவி வந்ததைத் திரையில் பார்த்தேன்.

இதற்கிடையே, இரண்டு சீரியல்களைக் கலந்து ஓட்டும் ‘மகாசங்கம’த்துக்காக அவளை இன்னொரு சீரியலுக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்தார்கள். தெலுங்குக்கு விற்றார்கள். துணி துவைக்கும் திரவத்தின் விளம்பரத்துக்கும் விற்றார்கள்.

(ஒரு குறிப்பு: நடிகையின் தேதி கிடைக்காத வாரங்களில் எங்கள் சீரியலில் அந்தப் பாத்திரம் ‘டெல்லிக்குப் போயிருக்கும்’. கேமரா டெல்லிக்கு வராது. அங்கே என்ன செய்தாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் இருப்பது அந்த ஊரில்தான்.)

3

அந்த அடையாளச் சைகை: சாந்தகுமாரி யாருடைய வாழ்க்கையையாவது கெடுப்பதற்கு முன்னால், எதிரே நிற்பவளின் தோளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறை எடுத்துப் போடுவாள். பிறகுதான் பேசுவாள்.

சென்னை வெயிலில், பட்டுப்புடவையில், பிசிறு ஏது? பதினொரு வருடங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அது சென்னையின் சைகை அல்ல. கம்பளி உடுத்தும் ஊரின் சைகை. காமாக்ஷி மாமியுடையது.

மாமி லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ். என் கணவர் பிரிந்துபோன வருடத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் மாடிக்கு ஏறி வந்தார். வந்ததும் என் ஸ்வெட்டரில் சுருண்டிருக்கும் பிசிறுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார். தனியாக இருப்பவர்களுக்கு இது தெரியும்: வாரக்கணக்கில் நம்மை யாருமே தொடாமல் போய்விடலாம். அந்த இரண்டு விரல்கள்தான் அப்போது என்னைத் தொட்டவை. அதனால்தான் அந்த அசைவை அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்தது.

அப்படியானால் ஏன் வில்லிக்குக் கொடுத்தேன்? இந்த இடத்தில் மூன்று முறை பொய் எழுதி அடித்துவிட்டேன். ஒரு ஞாயிறு, பிசிறை எடுத்தபடியே மாமி சொன்னார்: “அவன் திரும்பி வரமாட்டான் ராஜி. காத்துண்டிருக்காதே.” எல்லோருக்கும் தெரிந்ததை அவர் மட்டும் சொன்னார். அந்த வாரம் எனக்கு அவர் வில்லிதான். அந்த வாரம்தான் பாலு ஒரு புது வில்லி கேட்டார்.

4

இப்போது அந்த மருமகள். ஸ்வப்னா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்; மாமியின் மகன் அனிருத்தை மணந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜனவரியில் ஒரு காலை. நான் மாமி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்வப்னா கறுப்பு ஸ்வெட்டரில் ஆபீஸ் கிளம்பினாள். மாமி அவள் தோளை நோக்கிக் கை நீட்டினார்.

அவள் பின்னால் நகர்ந்தாள். உடனே சிரித்தும்விட்டாள்.

“சாரிம்மா. நீங்க அப்படியே அந்த சீரியல் லேடி மாதிரி… ஏக்தம் அதே ஆக்‌ஷன்.”

“எந்த லேடி?” மாமி சீரியல் பார்ப்பதில்லை. நான் சீரியலுக்கு எழுதுகிறேன் என்று தெரியும்; எந்த சீரியல் என்று கேட்டதில்லை.

ஸ்வப்னா போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினாள். மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார்.

“இதையெல்லாம் யாரு எழுதறா?”

“ஆன்ட்டிதானே,” என்று ஸ்வப்னா என்னைக் காட்டினாள்.

“அச்சா,” என்றார் மாமி.

அவ்வளவுதான். அந்த வாரத்திலிருந்து ஞாயிறுகளில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஒருமுறை மார்க்கெட்டில் எதிர்ப்பட்டபோது, பையை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். அவரிடமிருந்து கைகளையே பிடுங்கிக்கொண்டேன் என்று…

(அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வசனம் போல ஒலிக்கிறது.)

5

பாலுவைக் கூப்பிட்டேன். “அந்தப் பிசிறு எடுக்கறதை விட்டுடலாமா?”

“மேடம், அவங்களே அதுதானே. விளம்பரக்காரங்க அதுக்குத்தான் வாங்கியிருக்காங்க.”

“அப்ப அவளையே முடிச்சுடறேன். நிஜமா.”

“நீங்க முடிச்சா நான் வேற ஆளை வெச்சு எழுப்பிப்பேன். அவங்கள கொல்ற ரைட்ஸ் உங்ககிட்ட இல்ல மேடம்.”

“நான்தானே பெத்தேன்?”

“பெத்தீங்க. தத்துக் கொடுத்துட்டீங்க.” பிறகு, “நீங்க வேணா ரெஸ்ட் எடுங்க. மூணு வாரம் அவங்கள டெல்லிக்கு அனுப்பிடறேன்” என்றார்.

6

அந்த மூன்று வாரங்களில் இந்தக் கதைக்குச் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மாமி மன்னிக்கிறார், மாடி ஏறி வருகிறார். (அவருக்கு நான் எழுதிக் கொடுத்த வசனம் நன்றாக இருந்தது. அதுவே சந்தேகத்தைத் தந்தது.)

சாந்தகுமாரி டெல்லியில் ரயிலிறங்கி என் அறைக்கு வருகிறாள். நாங்கள் இருவரும் பேச ஒன்றுமில்லாமல்…

ஸ்வப்னா தானாகவே தோளை நீட்டுகிறாள். (ஆயிரக்கணக்கில் எபிசோடு எழுதிய கைக்கு வேறென்ன வரும்?)

எல்லாவற்றிலும் மாமியை நானே நடக்க வைத்தேன், நானே பேச வைத்தேன். அதனால் முடிவு எழுதாத பக்கங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு, மார்ச்சில் ஒரு மாலை லோதி ரோடுக்குப் போய் அவருடைய ஆபீஸ் வாசலில் நின்றேன்.

“என்ன?” என்றார்.

“ஒரு கதை எழுதியிருக்கேன் மாமி. சீரியல் இல்ல, பத்திரிகைக்கு.”

“அதுலயும் நான்தானா?”

“ஆமா.”

“எத்தனை தடவை சாகறேன்? முன்னாடியே சொன்னா லீவ் போட சௌகரியமா இருக்கும்.”

“படிச்சுட்டு வேண்டாம்னு சொல்லுங்க, போடமாட்டேன்.”

“அன்னிக்கு ஏன் கேக்கலை?”

“தோணலை.”

“எங்காத்துல ரெண்டு கடுகு எடுக்கணும்னாகூடக் கேட்டுட்டுத்தானே எடுப்பே நீ.”

என் ஒப்பந்தம் பதினான்கு பக்கம். யார் யாரிடம் எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் எல்லாம் இருக்கிறது. அதை வரிவரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மாமி பக்கங்களை வாங்கி மடித்து, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார். “படிச்சுட்டுச் சொல்றேன். நீ போன் பண்ணாதே.” பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முன்னால் பார்த்தபடியே போனார்.

7

நான் போன் பண்ணவில்லை. பத்திரிகையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். மாமியிடம் கொடுத்தது அச்சுப் பிரதிதான். கம்ப்யூட்டரில் இன்னொன்று இருந்தது.

இப்போது இது அச்சில் உங்கள் கையில் இருக்கிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். மாமி படித்துவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கலாம். அல்லது, பதில் வராத ஒரு மத்தியானத்தில், அவரை இரண்டாவது முறையும் நான் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். நீங்கள் நம்பும்படி எழுதவும் எனக்குத் தெரியும்.