ஒரு கட்டை மேலே

காலையிலேயே இவன் கிதாரின் பழைய கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டான். மூன்று வருஷமாகத் தடித்த கம்பிதான் கட்டிவந்தான். சுருதியை இறக்கி வாசிக்கிறவனுக்கு மெல்லிய கம்பி ஒத்துவராது, தொளதொளவென்று கிடந்து இரையும். இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. மெல்லிய கம்பிகளைப் பூட்டி, பாட்டுகள் முதன்முதலில் பதிவான அதே சுருதிக்கு, வழக்கத்தைவிட ஒரு கட்டை மேலே ஏற்றினான்.

அடுத்தவர் பாட்டுகளை அச்சு அசலாக வாசிக்கும் நாலு பேர் குழு அது. பாடுவது இவனுடைய அக்கா புருஷன். பேஸ் கிதார் ஒருவன், டிரம்ஸ் ஒருவர், கிதார் இவன். கீபோர்டு கிடையாது. ஆகவே சுருதிக்கு இவன்தான் பொறுப்பு. இவன் ஒரு கம்பியைத் தட்டினால் பேஸ்காரன் அதைப் பிடித்துக்கொள்வான், மாமாவும் அதைப் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்குவார்.

இவனிடம் இருந்ததோ ஒரே ஒரு கிதார். ஒரு பாட்டுக்குத் தடித்த கம்பியை மட்டும் தளர்த்த வேண்டும். இன்னொன்றுக்கு, விரலே வைக்காமல் வருடினாலும் இனிமையாக ஒலிக்கும்படி எல்லாக் கம்பிகளையும் மாற்றித் திருக வேண்டும். அதனால் ஒரே மாதிரித் திருகலில் வரும் பாட்டுகளையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பட்டியல் எழுதிக் கொடுப்பான். மாமா மேடையேறியதும் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எவர் என்ன கேட்டாலும் அதைப் பாடுவார். இவன் குனிந்து திருகத் தொடங்கினால் மைக்கில் ஆரம்பித்துவிடுவார்.

“கொஞ்சம் பொறுத்துக்கணும். நம்ம திருகாணி வேலைய ஆரம்பிச்சிட்டாரு. பசிக்கிறவங்க போய்ச் சாப்பிட்டே வந்துடலாம்.”

கூட்டம் சிரிக்கும். அப்படி ஒட்டிய பெயர்தான் திருகாணி. மூக்குக்கண்ணாடிக் கடையில் இவன் கண்ணாடி பொருத்தும் மேஜை வரைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

சிரித்தவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மாமாவுக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒருநாள் அக்கா இவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னாள். “அவருக்குக் குரல் இறங்கிடுச்சுடா. தெரிஞ்சா உடைஞ்சி போயிடுவாரு. நீ எதாவது பண்ணு.” இவன் பண்ணினான். முதலில் அரைக் கட்டை இறக்கினான். போன வருஷம் இன்னொரு அரை. கேட்டவர்களிடம், இப்படி வாசித்தால் சத்தம் கனமாக இருக்கும் என்றான். மாமாவோ, ஐம்பத்திரண்டு வயதிலும் என் குரல் இம்மிகூட இறங்கவில்லை என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமையை ஒவ்வொரு மேடையிலும் குனிந்து, திருகி, திட்டு வாங்கிக் காப்பாற்றிக் கொடுத்தவன் இவன்.

போன மாதம் சொகுசுக் கப்பல் ஒன்றில் ஆறு மாதம் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. மாமா சொன்னார் என்று இவன் கடை வேலையை விட்டான். மறுநாளே அந்த மேஜையில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். போன திங்கட்கிழமை ஒத்திகையில் மாமா கப்பலுக்குப் போகும் பெயர்களை வாசித்தபோது இவன் பெயர் அதில் இல்லை.

“கோவிச்சுக்காத மாப்ள. நீ ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவுல குடும்பமே நடத்திடுற. கப்பல்ல எவன் காத்திருப்பான்? புதுப் பையன்கிட்ட நாலு கிதார் இருக்கு. எடுத்தான், வாசிச்சான்னு போய்க்கிட்டே இருப்பான். ஆனா அவன் அடுத்த மாசந்தான் வர்றான். சனிக்கிழமை கப்பல் கம்பெனி அம்மா நம்ம பாட்டைக் கேக்க வர்றாங்க. அது வரைக்கும் நீதான் வாசிக்கணும்.”

பேஸ்காரன் தரையைப் பார்த்தான். அன்று மாலை இவன் அக்காவிடம் போனான். “அவரு சொன்னா காரணம் இருக்கும்டா” என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் கொடுத்தாள். மாமாவை அப்போதுகூட மன்னித்திருப்பான், அந்த டீயை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

கம்பி மாற்றிய அந்தச் சனிக்கிழமை மதியம் ஹோட்டல் விருந்துக் கூடத்தில் ஏதோ கம்பெனியின் ஆண்டு விழா. முன்வரிசை மேஜையில் கப்பல் கம்பெனி அம்மா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்கா, நல்ல புடவையில். மேடையில் பேஸ்காரன் இவன் கொடுத்த சுருதியைப் பிடித்துவிட்டு நிமிர்ந்தான்.

“அண்ணே, மேல இருக்கே.”

“இன்னிக்கி இதுதான்.”

“அவருக்குத் தெரியுமா?”

“நீ வாசிடா.”

அவனும் கப்பலை நம்பியிருப்பவன்தான் என்பது நினைவுக்கு வந்து ஒரு கணம் மனசு இளகியது. அதற்குள் மாமா பட்டியலை மடித்துப் பையில் போட்டார். அதோடு இளக்கம் போயிற்று.

முதல் பாட்டை மாமா எப்படியோ ஒப்பேற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவதில் வேர்த்துக் கொட்டியது. மூன்றாவதாக, உச்சியில் போய் நிற்கும் அந்தப் பாட்டை ஒரு மேஜையிலிருந்து கேட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. மாமா கண்ணை மூடி, கையை உயர்த்தி, மேலே போனார். பாதி வழியில் குரல் இரண்டாகப் பிளந்து, கிழிந்த துணிபோலத் தொங்கியது. கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

மாமா சமாளித்தார். அதில் மன்னர். “மன்னிக்கணும். நம்ம திருகாணி இன்னிக்கி கம்பியைத் தப்பாத் திருகிட்டாரு.”

சிரித்தார்கள். இவனும் சிரித்தான். காலடியில் கிடந்த, சுருதி காட்டும் ட்யூனரைக் காலாலேயே அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தது. சரியான சுருதி என்றால் பச்சை என்று மாமாவுக்கும் தெரியும். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு மாமா. பாட்டோட அசல் சுருதி இதுதான்.”

“அப்ப இத்தனை நாளா?”

“ஒரு கட்டை கீழ. அக்காவைக் கேளுங்க.”

இதைச் சொல்லத்தான் ஐந்து நாளாகத் தூங்காமல் கிடந்தான். சொன்னபோது வாய்க்குள் சர்க்கரை போட்டதுபோல இருந்தது. மாமா திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கை துடைக்கும் துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். மாமா வெகுநேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் குரல்தானா என்று சந்தேகம் வரும்படி கேட்டார்.

“இறக்குடா மாப்ள.”

“நேரமாகும் மாமா.”

கூடமே காத்திருந்தது. கப்பல் கம்பெனி அம்மா பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பேஸ்காரன் தலை குனிந்து, இவன் தரப்போகும் சுருதிக்காகக் கம்பியில் விரலை வைத்தபடி நின்றான். மைக் மாமாவின் கையில்தான் இருந்தது. இந்த முறை அதில் திருகாணிக் கேலி வரவில்லை.

இவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தான். முதல் திருகைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகத் திருகினான். ட்யூனரில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. மாமா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஐந்து கம்பிகள் இருந்தன.